பல்லவபுரத்தின் பழஞ்செல்வம்

மதுரை என்றவுடன் பாண்டியரும் தமிழ்ச் சங்கமும் நினைவிற்கு வருவர். தஞ்சை என்றவுடன் இராசராசனும் அவன் எடுத்த பெரிய கோயிலும் கண்முன் தோன்றும். பெருநகர்களின் வரலாறு இவ்வாறு பலர்க்கும் தெரிந்திருக்கின்றது. ஆயினும், நாள்தோறும் தாம் நடந்து செல்லும் தெருவுக்கும், தாம் நீர் முகக்கும் ஏரிக்கும், தம் வீட்டின் பின்னே நிற்கும் குன்றுக்கும் வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பெருமை தொலைவில் இருப்பது என்று கருதுவது மாந்தர் இயல்பு.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சாரத் தொடர்வண்டி பரங்கிமலையைக் கடந்ததும், கரிய பாறைக் குன்றுகள் சில கண்ணுக்குப் புலனாகும். திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்னும் நிலையங்கள் அடுத்தடுத்து வரும். பல்லாவரத்திற்கு மேற்கே பம்மலும், அதனை அடுத்து அனகாபுத்தூரும், தென்மேற்கே திருநீர்மலையும் அமைந்துள்ளன. பல்லாவரமும், பம்மலும், அனகாபுத்தூரும், திருநீர்மலையும் 2021ஆம் ஆண்டில் தோன்றிய தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியவை. நெருங்கிய வீடுகளும், தோல் பதனிடும் சாலைகளும், இடைவிடாத ஊர்திகளின் ஒலியும் நிறைந்த இப்பகுதியைக் காண்பவர், இங்கே பழமை யாது உளது என்று ஐயுறுவர். ஆனால், இந்திய நாட்டின் கற்கால ஆராய்ச்சி தொடங்கிய இடம் இதுவே. பல்லவ மன்னன் மலையைக் குடைந்து கோயில் கண்ட இடம் இதுவே. தமிழ் நாடகத்திற்கும் தனித்தமிழுக்கும் புத்துயிர் அளித்த பெரியோர் இருவர் பெயரோடு இணைந்த இடமும் இதுவே.

கல்லின் கதை

இவ்வூர்களின் வரலாறு மன்னர்களிடமிருந்து தொடங்கவில்லை, கல்லிலிருந்து தொடங்குகின்றது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருநீலம் படர்ந்த கடினமான பாறை, நிலவுலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. அது தோன்றி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆயின என்பர் நிலவியல் அறிஞர். நிலத்தின் அடியில், மிகுந்த ஆழத்தில், பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறிய பாறை அது. மேலிருந்த படலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையாலும் காற்றாலும் தேய்ந்தொழிந்த பின்னரே அது வெளிப்பட்டது.

இப்பாறைக்கு அறிவியலார் இட்ட பெயர் சார்னோக்கைட்டு என்பது. இப்பெயர் வந்த வரலாறு வியப்பிற்குரியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராய்க் கல்கத்தாவில் வாழ்ந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தவர் சாப் சார்னாக்கு என்னும் ஆங்கிலேயர். கல்கத்தாவில் உள்ள புனித யோவான் திருச்சபை வளாகத்தில் அவர் கல்லறை இருக்கின்றது. அக்கல்லறையின் மேல் வைத்த கல், சென்னையை அடுத்த இக்குன்றுகளின் கல்லை ஒத்தது என்பதைத் தாமசு ஆலந்து என்னும் நிலவியலார் கண்டறிந்தார். 1893ஆம் ஆண்டில் அவர் அக்கல்லறைக்குரியவர் பெயரையே கல்லின் பெயராக்கினார். அன்று முதல் உலகில் எந்த நாட்டில் இவ்வகைப் பாறை கிடைப்பினும் அது சார்னோக்கைட்டு என்றே வழங்கப்படுகின்றது. பிறந்த மண்ணின் பெயரைப் பெறாது, போய்ச் சேர்ந்த கல்லறையின் பெயரைப் பெற்ற கல் இது! இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இப்பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக மதித்துப் போற்றுகின்றது.

கற்கால மாந்தர்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலை அடுத்த ஒரு சரளைக் குழியின் அருகே ஆங்கிலேயர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் இராபர்ட்டு புரூசு பூட்டு. 1834ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1858ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்று இந்நாட்டிற்கு வந்தவர். செம்புரைச் சரளையினின்றும் வெளிப்பட்டுக் கிடந்த கற்களுள் ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. அதனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இயற்கையாய் உடைந்த கல் அன்று. மனிதன் தன் கைக்கு ஏற்பச் செதுக்கிக் கொண்ட கருவி என்பதை உணர்ந்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை இன்னதென்று அறிந்து எடுத்த முதல் நிகழ்ச்சி இதுவே.

வெறுங் கல்லையும் கருவியையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம் என்று மாணவர் வினவலாம். ஆற்றில் உருண்டு வரும் கல் கண்டவாறு உடையும். அதன் உடைவுகளில் ஒழுங்கு இராது. மனிதன் செதுக்கிய கல்லிலோ, சில்லுகள் இரு பக்கமும் முறையாகப் பெயர்க்கப்பட்டிருக்கும். விளிம்பு கூராக இருக்கும். பிடிக்கும் பகுதி கைக்கு இசைவாக இருக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு நோக்கத்தோடு விழுந்திருப்பதை அக்கல்லே காட்டும். எழுத்தறியா மாந்தன் தன் எண்ணத்தை எழுதி வைத்த ஏடு அது என்று கூறினும் பொருந்தும்.

பூட்டு இதனை உணர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் படுகையில் பூசே தெ பெர்த்து என்பார் இத்தகைய கற்கருவிகளைப் பல்லாண்டுகள் திரட்டி வந்தார். நெடுங்காலம் அவர் கூற்றை எவரும் ஏற்றிலர். 1859ஆம் ஆண்டிலேதான் அறிஞர் உலகம் அதனை ஒப்புக்கொண்டது. அச்செய்தி பரவி நான்கு ஆண்டுகளே கழிந்த நிலையில் பல்லாவரத்துக் கல் பூட்டின் கண்ணில் பட்டது. அக்குழியருகே அவருக்கு முன்னும் எத்தனையோ பேர் நடந்திருப்பர். கல்லைக் கண்டவர் பலர். கருவியைக் கண்டவர் ஒருவரே. கற்ற கண்ணுக்கும் கல்லாக் கண்ணுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அவ்வாண்டின் செப்டம்பர்த் திங்களில் பூட்டு, தம் தோழர் வில்லியம் கிங்கு என்பாரோடு கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் மிகுதியான கற்கருவிகளைக் கண்டார். அங்குப் பிற்காலத்தில் நிகழ்ந்த அகழாய்வுகளின் பயனாக, அக்கருவிகளுட் சில ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். தமிழகத்தின் வடபகுதியில் மனித இனம் வாழ்ந்த காலம் எத்துணைத் தொன்மையது என்பது இதனால் விளங்கும். பூட்டு திரட்டிய அரும்பொருள்கள் எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஆயினும், அந்த முதற் கல் கிடைத்த பல்லாவரத்தில் பயிலும் மாணவருள் அதனை அறிந்தவர் எத்துணையர்?

ஈமப் பேழைகள்

கற்காலம் கழிந்து இரும்புக் காலம் வந்தது. அக்காலத்து மக்கள் இறந்தோரைத் தாழியிலும் பேழையிலும் இட்டுப் புதைத்தனர். அவ்விடத்தைச் சுற்றிக் கற்களை வட்டமாக நிறுத்தினர். பலகைக் கற்களால் அறை அமைத்தும் அடக்கம் செய்தனர். இத்தகைய ஈமக்காடு ஒன்று பல்லாவரத்தில் இருந்தது. சுட்ட மண்ணால் தொட்டி போலச் செய்து, அடியில் பல கால்கள் வைத்து உருவாக்கிய ஈமப்பேழைகள் இங்குக் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தர் ரீ என்னும் தொல்பொருள் ஆய்வாளர் இவற்றை ஆராய்ந்தார். ஆதிச்சநல்லூரில் பெரிய அகழாய்வு நிகழ்த்திப் புகழ்பெற்றவரும் இவரே.

தாழியைப் பற்றித் தமிழ் இலக்கியமும் பேசுகின்றது. கணவனை இழந்த மங்கை ஒருத்தி குயவனை விளித்து, தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாகச் செய்க என வேண்டுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு அமைந்துள்ளது. அப்பாட்டைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்திலுள்ள மட்கலத்தைக் காணுங்கால், அது வெறும் மண்ணாகத் தோன்றாது. யாரோ ஒரு குயவனின் விரல் பட்ட கலம் அது; யாரோ ஒரு தாயோ தந்தையோ கண்ணீரோடு மூடிய கலம் அது. இலக்கியமும் அகழ்பொருளும் ஒன்றற்கொன்று சான்றாதல் இங்ஙனமே.

மகேந்திரன் குடைந்த மலை

பல்லாவரம் என்னும் பெயர் பல்லவபுரம் என்பதன் மரூஉ. தொண்டை நாட்டைப் பண்டையோர் கோட்டங்களாகவும், கோட்டங்களை நாடுகளாகவும் பகுத்திருந்தனர். இவ்வூர் புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாட்டில் அடங்கியிருந்தது. பல்லவர் பெயர் இதனோடு இணைந்தமைக்குச் சான்றாய் நிற்பது முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலாகும்.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மனுக்கு முன்னர்த் தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்தன. அவை காலத்தால் அழிந்தன. செங்கல்லும், மரமும், உலோகமும், சுண்ணாம்பும் இன்றிக் கோயில் அமைத்த செய்தியை மகேந்திரன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்து வைத்தான். அவ்வாறு அவன் தொண்டை நாட்டில் குடைவித்த கோயில்களுள் பல்லாவரத்துக் குடைவரையும் ஒன்று. தூண்கள் தாங்கும் மண்டபமும், பின்சுவரில் ஐந்து கருவறைகளும் உடையது அது. கருவறைகள் ஐந்தாக இருத்தலின், பஞ்சபாண்டவர் மலை என்று பொதுமக்கள் அதனை அழைக்கலாயினர். மகேந்திரனின் சிறப்புப் பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன.

தக்கணத்தில் குடைவரை அமைத்த தச்சர் கையாண்ட பாறை இத்துணைக் கடினமானது அன்று. இங்குள்ள பாறையோ உளியின் வாயை மழுக்க வல்லது. ஒவ்வொரு விரற்கடையையும் அடித்து அடித்தே பெயர்த்தல் வேண்டும். ஒரு தூண் உடையின் மாற்றுத்தூண் வைத்தற்கு இடமில்லை. ஒரு பிழை நேரின் மலையையே விட்டுவிட வேண்டும். அவ்வளவு கவனத்தோடு உழைத்த தச்சர்தம் பெயர்களை நாம் அறியோம். மன்னன் பெயர் உத்தரத்தில் நிற்கின்றது. அவர்கள் உழைப்பு மண்டபமாகவே நிற்கின்றது.

பிற்காலத்தில் அக்குடைவரை இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. பல்லவன் குடைந்த மண்டபத்தில் இன்று வேறொரு சமயத்தாரின் தொழுகுரல் ஒலிக்கின்றது. வடக்கே பரங்கிமலையின் உச்சியில் புனித தோமையாரைப் போற்றும் கிறித்தவத் திருக்கோயில் உள்ளது. திரிசூலத்தில், முதற் குலோத்துங்க சோழன் காலத்தது எனக் கருதப்படும் சிவன் கோயில் குன்றுகளின் நடுவே திகழ்கின்றது. பம்மலில் கதிரவன் வழிபட்டதாகச் சொல்லப்படும் அர்க்கீசுவரர் கோயில் உள்ளது. சில கல் தொலைவிற்குள் இத்துணைச் சமயங்களும் ஒருங்கே வாழ்வது இம்மண்ணின் தனிச்சிறப்பு. பழமையை ஓரினத்தார் மட்டும் தமது என்று உரிமை பாராட்ட இயலாது என்பதற்கு இக்குன்றுகளே சான்று.

நீர்சூழ் மலை

பம்மலுக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ளது திருநீர்மலை. திருமால் திருப்பதிகள் நூற்றெட்டனுள் இதுவும் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இதனைப் பாடியுள்ளனர். நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் ஆகிய நால்வகைக் கோலங்களிலும் திருமால் இங்குக் காட்சி தருகின்றார் என்பது இதன் சிறப்பு. அடிவாரத்தில் ஒரு கோயிலும் மலைமேல் ஒரு கோயிலும் உள்ளன. திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்தது என்றும், அவர் நீர் வடியும் வரை ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்றும் மரபு கூறும். நீர்மலை என்னும் பெயர்க்கு இதுவே காரணம் என்பர்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழை சில திங்களில் கொட்டிவிட்டுப் போகும். அந்நீரைத் தேக்கி வைத்தாலன்றி வேளாண்மை நடவாது. ஆதலின், பண்டையோர் தாழ்ந்த நிலங்களில் கரை எழுப்பி ஏரிகள் அமைத்தனர். மேலுள்ள ஏரி நிறைந்ததும் கலங்கல் வழியே நீர் கீழுள்ள ஏரிக்குச் செல்லும்; அது நிறைந்ததும் அடுத்ததற்குச் செல்லும்; இறுதியில் எஞ்சிய நீரே ஆற்றை அடையும். ஏரிகளைக் காப்பதற்கென ஊரார் ஏரி வாரியம் அமைத்திருந்தனர் என்பதை முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால் அறிகின்றோம். சங்கிலி போல் இணைந்த இவ்வேரிகள் கோயிலைப் போன்றே நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். கோயிலைக் கண்டு கைகூப்புவோர் ஏரியைக் கண்டு குப்பை கொட்டுவது எத்துணை அறியாமை! ஏரிகள் தூர்ந்து, கால்வாய்கள் அடைபட்டால் நீர் போகும் இடம் யாது? 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாறு பெருக்கெடுத்துக் கரையோர ஊர்களிற் புகுந்தபோது, அவ்வினாவிற்கு விடை கிடைத்தது.

தறியும் தோலும்

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கு நெய்த கட்டம் போட்ட கைத்தறித் துணிகள் சென்னைக் கைக்குட்டை என்னும் பெயரால் கடல் கடந்து, ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள நைசீரியா வரை சென்றன. அந்நாட்டின் காலாபாரி இனத்தார் இவ்வகைச் சென்னைத் துணியை இன்சிரி என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள சடங்குகளில் பயன்படுத்தினர். இங்கே ஒரு சிற்றூரில் தறி ஓட்டிய நெசவாளி அறியமாட்டார், தம் துணி எங்கோ ஒரு குழந்தையைப் போர்த்தியது என்பதை! அயல்நாட்டு வாணிகம் நின்றபோது தறிகள் பல ஓய்ந்தன. எனினும், நெசவாளர் சிலர் மனந்தளராது, வாழைநார், அன்னாசிநார், கற்றாழைநார் முதலியவற்றைப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து சேலை நெய்யும் புதுமுறையைக் கைக்கொண்டனர். மரபு என்பது பழையதையே திரும்பத் திரும்பச் செய்வது அன்று. பழைய கைத்திறனைப் புதிய தேவைக்கு ஆக்கிக்கொள்வதும் மரபே.

குரோம்பேட்டை என்னும் பெயரும் ஒரு தொழிலால் வந்ததே. பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுவது பழைய முறை. குரோமிய உப்பினால் விரைவில் பதனிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்தது. அம்முறையைக் கையாண்ட குரோம் தோல் தொழிற்சாலையை ஒட்டி எழுந்த ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. பம்மலிலும் பல்லாவரத்திலும் பதனிடும் சாலைகள் பெருகின. பல குடும்பங்கட்கு அவை சோறளித்தன. ஆனால், அவற்றின் கழிவுநீர் கிணறுகளையும் நீர்நிலைகளையும் கெடுத்தது. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் சாலைகளால் நீரும் நிலமும் கெடுவது பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதனை நீக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. தொழிலும் வேண்டும், தூய நீரும் வேண்டும். ஒன்றை விற்று மற்றொன்றை வாங்க இயலாது.

நாடகத் தந்தை

மகேந்திரவர்மன் மலையைக் குடைந்ததோடு அமையாது, மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றியவன். அவனுக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகட்குப் பின், அவன் மலைக்கு அண்மையில் உள்ள பம்மலைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒருவர் தமிழ் நாடகத்திற்கு மறுவாழ்வு தந்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். 1873ஆம் ஆண்டில் விசயரங்க முதலியாரின் மைந்தராய்த் தோன்றிய அவர், 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபை என்னும் நாடக மன்றத்தை நண்பர்களோடு நிறுவினார்.

அந்நாளில் நாடகம் இழிந்த தொழிலாகக் கருதப்பட்டது. நடிகரைக் கூத்தாடி என்று கூறிக் கற்றோர் ஒதுக்கினர். நாடகமோ விடிய விடியப் பாட்டாலேயே நடந்தது. சம்பந்த முதலியார் இந்நிலையை மாற்றினார். உரைநடை உரையாடலுக்கு முதன்மை தந்தார். சில மணி நேரத்தில் முடியுமாறு நாடகங்களை அமைத்தார். குறித்த நேரத்தில் தொடங்கும் ஒழுங்கை நிலைநாட்டினார். வழக்கறிஞரும் அலுவலரும் ஆகிய கற்றோர் மேடையேறினர். அவர்தாமும் வழக்கறிஞராய் விளங்கிப் பின் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாய்ப் பணிபுரிந்தவர். பகலில் நீதிமன்றத்திலும் மாலையில் நாடக மேடையிலும் ஒருவரே நின்றமை, நாடகத்தின்மீது இருந்த பழியைத் துடைத்தது.

மனோகரா, சபாபதி, லீலாவதி சுலோசனா முதலாகத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். சேக்சுபியரின் நாடகங்களை அமலாதித்தன், வாணீபுர வணிகன், மகபதி என்னும் பெயர்களால் தமிழ் உடை உடுத்தி உலவவிட்டார். சபாபதி 1941ஆம் ஆண்டிலும், மனோகரா 1954ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாக மக்களை மகிழ்வித்தன. தம் பட்டறிவை நாடகமேடை நினைவுகள் என்னும் நூலாக வடித்தார். 1959ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர்க்குப் பத்மபூசண் விருது அளித்தது. 1964ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பம்மல் என்னும் சிற்றூரின் பெயரைத் தமிழுலகம் முழுதும் ஒலிக்கச் செய்தது அவர் தொண்டே.

தனித்தமிழ் மலை

நாகப்பட்டினத்தில் 1876ஆம் ஆண்டில் பிறந்த வேதாசலம் என்பார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய்ப் பணியாற்றினார். 1911ஆம் ஆண்டளவில் அப்பணியினின்று நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறி, துறவுக் கோலம் பூண்டார். நூல்கள் நிறைந்த அவர் இல்லம் தமிழ் கற்போர்க்குத் தவச்சாலை ஆயிற்று. 1916ஆம் ஆண்டில் அவர் பிறமொழிக் கலப்பின்றித் தமிழ் எழுதவும் பேசவும் உறுதி பூண்டு, தம் பெயரையும் மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். தனித்தமிழ் இயக்கம் அங்ஙனம் பிறந்தது. அவர் மகளார் நீலாம்பிகை அம்மையார் அதற்குத் துணைநின்றார்.

அடிகளார் 1950ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அரிதின் ஈட்டிய நூல்களைக் கொண்டு 1958ஆம் ஆண்டில் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. பொன்னையும் பொருளையும் சேர்த்தவர் பெயர் மறைந்துபோக, ஏட்டைச் சேர்த்தவர் பெயர் நிலைத்து நிற்கின்றது.

காப்பது எங்ஙனம்?

இத்துணைச் செல்வமும் இன்று இடருக்கு உள்ளாகியிருக்கின்றது. சாலைக்கும் வீட்டிற்கும் கல் வேண்டிக் குன்றுகள் பல வெட்டப்பட்டன. 250 கோடி ஆண்டுகள் நின்ற பாறை சில ஆண்டுகளில் சல்லியாயிற்று. ஈமக்காட்டின் மேலும் அதனைச் சுற்றியும் தெருக்கள் எழுந்தன.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. பழஞ்சின்னங்களைக் காப்பதற்கென 1958ஆம் ஆண்டில் நடுவணரசு சட்டம் இயற்றியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காப்புப் பெற்ற சின்னத்திலிருந்து 100 மீட்டர் எல்லைக்குள் புதுக் கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டுதல் வேண்டும். பல்லாவரத்து ஈமக்காட்டைச் சூழ்ந்து வாழும் மக்கள் இதனால் துன்புறுகின்றனர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மனை வாங்கியவர் அதில் வீடு கட்ட இயலாது தவிக்கின்றார். மகனுக்கு மணமானபின் மாடியில் ஓர் அறை எடுக்க விரும்புபவர் அலுவலகந்தோறும் அலைகின்றார். என்றோ இறந்தவர்க்குள்ள உரிமை இன்று இருப்பவர்க்கு இல்லையா என்று அவர்கள் கேட்பது நியாயமே. தோண்டி அழித்த தாழியை மீண்டும் படைக்க இயலுமா என்று ஆய்வாளர் கேட்பதும் நியாயமே.

இரு திறத்தார் கூற்றிலும் உண்மை இருக்குங்கால், ஒன்றை மட்டும் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் அறமாகாது. புதைவிடங்கள் எஞ்சியுள்ள நிலம் எது, முன்னரே அழிந்துபோன நிலம் எது என்பதை முறையாக அளந்து வரையறுத்தல் வேண்டும். எஞ்சியதை வேலியிட்டு, விளக்கப் பலகை நிறுத்தி, மாணவர் கண்டு கற்கும் இடமாக்குதல் வேண்டும். எதுவும் எஞ்சாத இடத்தில் மக்கள் வாழ்வதற்கு வழிவிடுதல் வேண்டும். தமக்குத் துன்பமாக மட்டுமே தோன்றும் பழமையை எவரும் விரும்பிக் காவார். அது தம் ஊரின் பெருமை என்று உணர்ந்தவரே அதன் காவலராவர்.

அவ்வுணர்வு கல்வியினாலேயே வரும். 1863ஆம் ஆண்டில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் கருவியாகத் தோன்றிய கல், இன்று ஊரிலுள்ள பள்ளி மாணவர் அனைவர் கண்ணுக்கும் அவ்வாறு தோன்றுதல் கூடும். தம் ஊர்க் குன்றின் பெயர், ஏரியின் கலங்கல், கோயிலின் கல்வெட்டு, முதியோர் சொல்லும் பழங்கதை ஆகியவற்றைக் கேட்டறிந்து ஏட்டில் குறித்து வைப்பது எளிய செயல், எவர்க்கும் இயலுவது. மாணவர் இதனை மேற்கொள்வாராயின், குன்றும் ஏரியும் வெறும் கல்லும் நீருமாய் எவர் கண்ணுக்கும் தோன்றா. முன்னோர் விட்டுச்சென்ற பொருளுக்குப் பின்னோர் உரிமையாளர் அல்லர். தமக்குப் பின் வருவோர்பொருட்டு அதனைக் காத்து நிற்கும் அறங்காவலரே ஆவர்.

பயிற்சி

1. பல்லாவரத்துப் பாறை சார்னோக்கைட்டு எனப் பெயர் பெற்றது எவ்வாறு?
2. இயற்கையாய் உடைந்த கல்லையும் மனிதன் செதுக்கிய கருவியையும் எங்ஙனம் வேறுபடுத்தி அறியலாம்?
3. தொண்டை நாட்டில் ஏரிகள் இன்றியமையாதன ஆனமை ஏன்? அவை ஒன்றோடொன்று இணைந்திருந்த முறையை விளக்குக.
4. பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகத்தில் செய்த மாற்றங்கள் யாவை?
5. ஈமக்காட்டைக் காப்பது பற்றி ஆய்வாளரும் ஊராரும் கூறுவனவற்றை எடுத்தெழுதி, உங்கள் கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.
6. உங்கள் ஊரின் பெயர்க்காரணத்தையும், அங்குள்ள பழமையான ஓர் இடத்தின் வரலாற்றையும் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.